சீட் கேட்ட தாய்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் சபைகளில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்க", "மகள் நீட் தேர்வில் ஜெயம் பெற", "நல்ல காலேஜ் அமைய". சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர், பல்லாவரம், மேடவாக்கம், எந்தப் பக்கம் வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் காபி வருவதற்கு முன்னால் இந்தப் பேச்சு வந்துவிடும். தகப்பன் பேசுவார், தாய் பேசுவார், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவும் பேசுவார். யாருக்காக இவ்வளவு பேச்சோ அந்தப் பிள்ளை மட்டும் கதவோரமாய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த மாதம் ஒரு கேள்வியைச் சிந்திப்போம். பிள்ளை என்ன படிப்பது, எந்தக் காலேஜில் படிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது யார்? பெற்றவர்கள் எவ்வளவு தூரம் சொல்லலாம்? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? "இதுல என்ன பாஸ்டர் கேள்வி? பெத்தவங்க சொன்னா பிள்ளைங்க கேக்க வேண்டியதுதானே" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தாய் கேட்டாள், ஆண்டவர் பிள்ளைகளைக் கேட்டார்

மத்தேயு 20-ம் அதிகாரத்தில் ஒரு தாயைப் பார்க்கிறோம். செபெதேயுவின் மனைவி. தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இயேசுவினிடத்தில் வருகிறாள். பணிந்துகொண்டு ஒரு காரியம் கேட்கிறாள். என்ன காரியம்? சீட்! ஒருத்தனுக்கு வலது பக்கம், இன்னொருத்தனுக்கு இடது பக்கம். அதற்குக் குறைந்த இடம் எதுவும் அவளுக்குப் போதாது. நம்முடைய தாய்மார்களுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை பாருங்கள்!

அவளை நான் குறை சொல்ல வரவில்லை. பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று கேட்காத தாய் உண்டா? ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். கேட்டது தாய். ஆண்டவரோ பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பக் கேட்கிறார். அந்த இடத்துக்குரிய பாத்திரத்தில் குடிக்க உங்களால் கூடுமா என்று அவர்களிடத்தில் விசாரிக்கிறார். பதில் சொன்னதும் அவர்கள்தான், தாய் அல்ல. ஏன்? சீட்டைக் கேட்பது யாராகவும் இருக்கலாம். பாத்திரத்தில் குடிக்கப் போகிறவன் பிள்ளை. நாலு வருஷம் வகுப்பில் உட்காரப் போகிறவன் அவன். அரியர் வந்தால் ராத்திரி கண்விழித்துப் படிக்கப் போகிறவன் அவன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த வேலையைச் செய்யப் போகிறவனும் அவன். சுமக்கிறவனைக் கேட்காமல் சுமையைத் தீர்மானிப்பது நியாயமா?

ஆலோசனையா, நெருக்குதலா?

அப்படியானால் பெற்றோர் வாய் திறக்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஆலோசனை சொல்லாத தகப்பன் கடமை தவறிய தகப்பன். பதினேழு வயதுப் பிள்ளையை, "உன் இஷ்டம், என்னமோ பண்ணிக்கோ" என்று விட்டுவிடுவதும் அன்பு அல்ல. அதுவும் ஒருவிதக் கைவிடுதல்தான்.

ஆனால் ஆலோசனை வேறு, நெருக்குதல் வேறு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தையும் ஒன்றாகவே இருக்கும். "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பா, நல்லது" என்று ஒரு தகப்பன் சொல்வது ஆலோசனை. அதே வார்த்தையை இன்னொரு தகப்பன் சொன்னால் அது நெருக்குதல். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு சோதனை இருக்கிறது. பிள்ளை "எனக்கு வேண்டாம்ப்பா" என்று சொன்னால் வீட்டில் என்ன மாறும்? இதை உங்களுக்குள்ளே கேட்டுப் பாருங்கள்.

அன்று ராத்திரியும் அதே மாதிரி சாப்பாடு, அதே மாதிரிப் பேச்சு, அதே மாதிரிக் குடும்ப ஜெபம் இருக்குமானால் நீங்கள் கொடுத்தது ஆலோசனை. அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், அப்பா நாலு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார், "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா" என்று பழைய கணக்கு வெளியே வரும் என்றால், எவ்வளவு மெதுவாகச் சொல்லியிருந்தாலும் அது நெருக்குதல். மறுத்தால் அன்பு குறையும் என்று தெரிந்த பிள்ளை சம்மதிக்கும். ஆனால் அது சம்மதம் அல்ல, பயம். அந்த பயத்தோடு போய் உட்காருகிற வகுப்பில் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?

"பீஸ் கட்றது நான்தானே?"

நியாயமான கேள்விதான். பணம் கொடுக்கிறவனுக்குச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் எதைச் சொல்ல? எவ்வளவு முடியும் என்பதைச் சொல்ல உரிமை உண்டு. அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் பல வீடுகளில் பெரிய பாரம். பிள்ளைக்கு வீட்டின் வரவு தெரியாது, கடன் தெரியாது. அப்பா எதற்கு எரிந்து விழுகிறார் என்று தெரியாமல், தன் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் பிள்ளையை உட்கார வைத்து, "தம்பி, வருஷத்துக்கு நம்மால இவ்வளவுதான் முடியும், இதுக்கு மேல போனா கடன், அந்தக் கடனை இப்படித்தான் அடைக்கணும்" என்று ஒரு பேப்பரில் தொகையை எழுதிக் காட்டுங்கள். இது நெருக்குதல் அல்ல. வீட்டுச் சுவர் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. சுவரைக் காட்டிவிட்டால் பிள்ளை அதற்குள்ளே நடக்கப் பழகிக்கொள்ளும். காட்டாமல் விட்டால் இருட்டில் முட்டிக்கொள்ளும்.

சுவரைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற உதவிகளும் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிற பிள்ளை இன்ஜினியரிங் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் அரசுச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினியரிங் முதலான படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. தகுதி இருந்தும் கேட்காமல் விடுகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. வெட்கப்படாதிருங்கள்!

"பதினேழு வயசுக்கு என்ன தெரியும்?"

மெய்தான், அதிகம் தெரியாது. ஆனால் நமக்கு எவ்வளவு தெரியும்? என் வயதுக்காரர்கள் பிளஸ் டூ எழுதின காலத்தில் மொத்தம் 1,200 மார்க். நுழைவுத் தேர்வு என்று ஒன்று தனியாக இருந்தது, 1984-ல் ஆரம்பித்தது. இன்ஜினியரிங்குக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது 1997-ல். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு அப்பாவோடு போய், பெரிய திரையைப் பார்த்து, இருதயம் படபடக்க ஒரு காலேஜ் பெயரைச் சொல்லிவிட்டு வருவோம். இன்றைக்கு நிலைமை வேறு. அந்த நுழைவுத் தேர்வு 2006-ம் வருஷத்தோடு முடிந்தது. பிளஸ் டூ மொத்தம் 600 மார்க். கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. நாம் கண்ட வழியை வைத்து இவர்களுக்கு வழி சொன்னால், ரயில் எப்போதோ மாறிப்போன பிளாட்பாரத்தில் நின்று காத்திருப்பதைப் போல ஆகும்.

ஆகையால் பிள்ளைக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ள உதவுங்கள்; தெரியாததைக் காரணம் காட்டித் தீர்மானத்தைப் பறித்துக்கொள்ளாதிருங்கள். கணக்கில் வாங்கின மார்க் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்குத்தான் கட்-ஆஃப் என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விருப்பக் காலேஜ்களின் வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குக் கொடுக்கப்படுகிறது சில நாட்கள்தான். அந்த நாட்களில் முதல்முறையாகப் பேச ஆரம்பித்தால் வீடு போர்க்களமாகும். ஏப்ரலிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளை தன் கையால் வரிசையை எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் கேள்வி மட்டும் எழுதுங்கள்: போக வர எவ்வளவு நேரம்? பஸ் பீஸ் எவ்வளவு? எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அங்கீகாரம் உண்டா? இது ஒற்றைச் சாளரத்துக்குள் வருகிற காலேஜா, தனியாகச் சேர்க்கை நடத்துகிற நிகர்நிலைப் பல்கலைக்கழகமா? தினமும் தாம்பரத்தில் ஏறி இறங்க வேண்டிய பிள்ளை என்றால், காலேஜ் நேரத்து மின்சார ரயிலில் ஒரு நாள் சேர்ந்து போய்ப் பாருங்கள். வாசலில் நிற்கிற சீனியர் பிள்ளை ஒருவனிடம் பத்து நிமிஷம் பேசினால், விளம்பரப் புத்தகத்தில் இல்லாத விஷயமெல்லாம் வெளியே வரும்.

இன்னொன்று. "இன்னைக்கே சேர்ந்தாதான் சீட், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போங்க" என்று அவசரப்படுத்துகிற இடங்கள் உண்டு. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அவசரப்படுத்துகிற இடத்தில் நிதானியுங்கள்.

வரிசை நம்பர் பிள்ளையின் விலை அல்ல

ஒரே கட்-ஆஃப் வாங்கின இரண்டு பிள்ளைகளில் யாரை முதலில் வைப்பது? முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் இயற்பியல். இப்படி ஒவ்வொன்றாய்ப் பார்த்து, பிறந்த தேதி வரைக்கும் போவார்கள். அதுவும் சமமாயிருந்தால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர்! குலுக்கல் மாதிரி ஒரு எண். இந்த வரிசை ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். அதை நம் பிள்ளையின் தகுதியைப் பற்றின நியாயத்தீர்ப்பு என்று எண்ணிக்கொள்கிறவர்கள் நாம்தான்.

மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்றுதான். ஆனால் நம் சபை வாசலில் நின்றுபோயிற்றா? ரிசல்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள், "எவ்ளோ மார்க்?" "நாநூத்தி முப்பதா? எங்க அக்கா பையன் ஐநூத்தி எழுபது!" இது வேண்டாம் பிரியமானவர்களே. மார்க் கேட்காமலேயே ஒரு பிள்ளையை வாழ்த்தலாம். "பரீட்சை முடிஞ்சிருச்சா, நல்லா தூங்கினியா?" என்று கேட்டுப் பாருங்கள், அந்த முகம் எப்படி மலருகிறது என்று கவனியுங்கள்.

பொருந்தாத கவசம்

சவுல் தன் கவசத்தைத் தாவீதுக்குப் போட்டுவிட்டதை நாம் அறிவோம். கெட்ட எண்ணத்தினால் அல்ல, அவனுடைய பாதுகாப்புக்காகவே. விலையுயர்ந்த கவசம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அந்த வாலிபனால் நடக்க முடியவில்லை. கழற்றிவிட்டான். சவுலும் ராஜ கோபம் கொள்ளாமல் அவனைக் கவணோடு போகவிட்டான். மற்ற விஷயங்களில் சவுல் எப்படியோ, இந்த ஒரு விஷயத்தில் பல தகப்பன்மாரைவிட மேல்!

நம் பக்கத்து குரோம்பேட்டையில் 1949-ல் சி. ராஜம் அவர்கள் ஆரம்பித்த எம்.ஐ.டி. இருக்கிறது. ரயிலில் போகும்போது எத்தனையோ தரம் அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்போம். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்தவர் என்பது அநேகருக்குத் தெரியாது. பட்டப்படிப்பு படித்த பின்புதான், இது என் பாடம் அல்ல, இன்ஜினியரிங் பக்கம் போயிருக்க வேண்டும் என்று கண்டுகொண்டதாக 'அக்கினிச் சிறகுகள்' புத்தகத்தில் தெரிவிக்கிறார். எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது, வீட்டில் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். படித்து முடித்தபின் விமானப்படையில் சேர டேராடூனுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரைத்தான்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. முதலாவது, பதினேழு வயதில் எடுத்த தீர்மானம் கல்லில் வெட்டின எழுத்து அல்ல, திருத்திக்கொள்ளலாம். டிப்ளமோ படித்தவன் நேரடியாக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம், பி.எஸ்சி. படித்தவன் எம்.சி.ஏ. போகலாம். இரண்டாவது, அடைபட்ட ஒரு கதவு வாழ்க்கையின் முடிவு அல்ல. மூன்றாவது, வளையலைக் கொடுத்தவர் ஒருவர், பாடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வேறொருவர். கொடுப்பது என்றால் அப்படிக் கொடுக்க வேண்டும்.

ஜெபத்தையே சாட்டையாக்காதிருங்கள்

இதைச் சொல்லாவிட்டால் நான் உண்மையுள்ளவனாயிருக்க மாட்டேன். மற்ற வீடுகளில் இல்லாத ஒரு பாரம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. "நீ வயித்துல இருக்கும்போதே டாக்டர் ஆக்குறேன்னு பொருத்தனை பண்ணிட்டேன்." "போன கன்வென்ஷன்ல உன்னைப் பத்தி வார்த்தை வந்துச்சு." "இதுதான் தேவ சித்தம், மீறினா ஆசீர்வாதம் இருக்காது." மாமாவோடு தர்க்கம் பண்ணலாம், கர்த்தரோடு தர்க்கம் பண்ணுவது எப்படி? பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். உள்ளே ஆண்டவர் மேலேயே கசப்பு வளரும்.

பொருத்தனை பண்ணின யெப்தாவை நினைத்துப் பாருங்கள். வார்த்தை அவனுடையது, விலை கொடுத்தது அவன் மகள். உங்கள் பொருத்தனையை நீங்கள் செலுத்துங்கள்: உங்கள் நேரத்தினால், உங்கள் காணிக்கையினால். பிள்ளையின் நாற்பது வருஷத்தினால் அல்ல. பிள்ளைக்காக ஜெபியுங்கள், கண்ணீரோடு ஜெபியுங்கள். ஆனால் பிள்ளை கேட்கும்படி சத்தமாக, "ஆண்டவரே, இவன் பிடிவாதத்தை உடைத்துப்போடும்" என்று ஜெபிக்காதிருங்கள். அது ஆண்டவரை நோக்கின ஜெபம் அல்ல. மகனை நோக்கின பேச்சு.

நம் தெருவில் நடந்தது

2023 ஆகஸ்டில் குரோம்பேட்டையில் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. நீட் தேர்வில் எதிர்பார்த்தது கிடைக்காத பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் தன் ஜீவனை முடித்துக்கொண்டான். அடக்கம் முடிந்த கொஞ்ச நேரத்துக்குள் அவன் தகப்பனும் அதே வழியில் போனார். அந்த வீட்டை நியாயந்தீர்க்க நமக்கு உரிமை இல்லை. இப்படிப்பட்ட மரணத்துக்கு ஒரே காரணம் சொல்லிவிடவும் முடியாது. ஆனால் நம் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.

ரிசல்ட் வருவதற்கு முன்னமே, ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லுங்கள்: "மார்க் எவ்வளவு வந்தாலும், சீட் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும், நீ எங்க பிள்ளை. அதுல மாற்றம் இல்லை." மனசுக்குள் நினைத்தால் போதாது. வந்தபிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். முன்னே சொன்னால்தான் அது உறுதி. பிள்ளை சாப்பாட்டை விட்டாலோ, தூக்கம் இழந்தாலோ, "நான் இல்லாம இருந்தா நல்லது" என்கிற மாதிரிப் பேசினாலோ, "விசுவாசக் குறைச்சல்" என்று சொல்லித் தள்ளிவிடாதிருங்கள். தனியாக விடாதிருங்கள். அரசு உதவி எண் 104-க்கும், டெலி மானஸ் 14416-க்கும் போன் பண்ணலாம். ஜெபமும் பண்ணுங்கள், போனும் பண்ணுங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்மானம் உங்களுடையது என்றால் உழைப்பும் உங்களுடையது. "பிரெண்ட் சேர்றான், நானும் சேர்றேன்" என்பது தீர்மானம் அல்ல. உங்கள் விருப்பம் என்ன, ஏன், அதற்கு எவ்வளவு செலவு என்று மூன்று வரி எழுதி அப்பா அம்மா கையில் கொடுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் மேலுள்ள வெறுப்பினால் அல்ல. தாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வரக்கூடாதே என்றுதான்.

பெற்றவர்களே, செபெதேயுவின் மனைவி கேட்டபடி வலது பக்கமும் இடது பக்கமும் அவள் பிள்ளைகளுக்கு வாக்குப்பண்ணப்படவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் யாக்கோபும் யோவானும்! கேட்ட சீட் கிடைக்காமலே அவர்கள் வீணாய்ப் போகவில்லை. நம் பிள்ளைகளும் போகமாட்டார்கள். இந்த வாரமே பிள்ளையை உட்கார வைத்து, "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் பேசாமலிருங்கள்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளின் வழிகளைச் செவ்வைப்படுத்தி, நம் வீடுகளில் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக! ஆமென்.